கெபினில் கிடந்த கருங்கல்: கொட்டாஞ்சேனையில் பின்னோக்கி உருண்ட லொறி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு நகருக்கும் அதன் வடக்குப் புறநகர்களுக்கும் பிஸ்கட், பால்மா, சவர்க்காரம் முதலிய பொருட்களை விநியோகிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில், 2023 ஒக்டோபர் மாத இறுதி வாரத்தில் ஒரு விபத்து நடந்தது. அந்த விபத்தையும், அதன் பிறகு எடுக்கப்பட்ட தீர்மானங்களையும், அவற்றால் விளைந்தவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன். நிறுவனத்தின் பெயரோ சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களோ தரப்படவில்லை. அந்தக் காலத்தில் போக்குவரத்துப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. லொறியின் ஓட்டத்தையும் குறைபாடுகளையும் சாரதி நாள்தோறும் பதியும் ரன்னிங் சார்ட்டுகளில் மாதாமாதம் கையெழுத்திட்டவனும் நானே. இதை வாசிப்பவர்கள் அந்தக் கையெழுத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பேலியகொடையில் உள்ள களஞ்சியத்திலிருந்து 21 லொறிகள் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை 14.5 அடி லொறிகள்; எல்லாமே ஜப்பானில் பாவிக்கப்பட்ட பின்னர் இறக்குமதியானவை. பத்து வருடங்களுக்கு மேற்பட்ட லொறியை மாற்றிவிடுவது என்ற திட்டம் நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை 2025 ஆரம்பத்தில்தான் விலக்கப்பட்டது. இடையில் 2022இன் நெருக்கடி வந்து, டீசலுக்கு வரிசையில் நின்ற நாட்களும், ஒரு பற்றரியின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் போயின. 2023இல் எங்களிடம் இருந்த மிகப் பழைய லொறிக்குப் பதினான்கு வயது. காலையில் களஞ்சியத்தின் முற்றத்தில் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியிருந்தது: வண்டி ஓடுமா, ஓடாதா?

சம்பள முறையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த நிகழ்வின் வேர் அங்கேதான் இருக்கிறது. சாரதிக்கும் உதவியாளருக்கும் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலாக ஒவ்வொரு பயணத்துக்கும் பயணப்படி கிடைத்தது. மாத வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அந்தப் படியிலிருந்தே வந்தது. லொறி கராஜில் நின்றால் இருவருக்கும் படி இல்லை. இதற்கு மேலாக, ஒரு பழுதும் இல்லாமல் ஓடிய மாதத்துக்கென ஒரு கொடுப்பனவை 2021இல் நானே முன்மொழிந்து நடைமுறைப்படுத்தியிருந்தேன். சாரதிகள் வண்டியை அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நல்லெண்ணத்திலேயே அதைச் செய்தேன்.

பாதுகாப்பு விதிகள் இல்லாமல் இல்லை. பதினொரு பக்கங்களில், ஆங்கிலத்தில், ஒரு கோவையாக அவை இருந்தன. புறப்படும் முன் வண்டியைப் பரிசோதிக்க வேண்டும், கெபினை விட்டு இறங்கினால் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுக்க வேண்டும், சரிவில் நிறுத்தினால் சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும் என்பவை எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு சாரதியும் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டிருந்தார். கட்டை எந்த லொறியிலும் இருக்கவில்லை.

விபத்து நடந்த நாள்

அந்த ஆண்டின் தீபாவளி நவம்பர் 12ஆம் திகதி வந்தது. அதற்கு முந்திய மூன்று வாரங்கள் எங்களுக்கு வருடத்திலேயே மிகவும் நெருக்கமான காலம். சம்பந்தப்பட்ட லொறியின் சாரதி 51 வயதானவர், நிறுவனத்தில் 19 வருட சேவை உடையவர். உதவியாளருக்கு 26 வயது. இருவரும் அன்று காலை 4.30க்கு வேலைக்கு வந்தார்கள். பற்றரி பலவீனமாக இருந்ததால் முற்றத்தில் நான்கு பேர் தள்ளித்தான் லொறி ஸ்டார்ட் ஆனது. ஒன்பது கடைகளுக்கான பட்டியலை எடுத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள்.

ஏழாவது கடை கொட்டாஞ்சேனையில், ஏற்றமான ஓர் ஒழுங்கையில் இருந்தது. பிற்பகல் ஒரு மணி கடந்து பத்து நிமிடமளவில் லொறி மேட்டை நோக்கியபடி அங்கே நிறுத்தப்பட்டது. எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் ஸ்டார்ட் ஆகாது என்பதற்காக அது ஓடியபடியே விடப்பட்டது. எஞ்சின் ஓடும்போது கியரில் விட முடியாது. ஆகவே கியர் நியூட்ரலில் இருந்தது. லொறியைப் பிடித்து வைத்திருந்தது ஹேண்ட் பிரேக் மட்டுமே. சாரதி பில்லில் கையொப்பம் வாங்கவும் காசோலையைப் பெறவும் கடைக்குள் சென்றார். உதவியாளர் பின்கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் சில அடி தூரத்தில் பக்கத்துக் கடையின் சீமெந்துத் திண்ணை இருந்தது.

ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் லொறி அசையாமல் நின்றது. உதவியாளர் உள்ளே ஏறி இரண்டு பெட்டிகளை இழுத்து வைத்துவிட்டுக் கீழே குதித்ததும் அது மெதுவாகப் பின்னோக்கி வரத் தொடங்கியது. எதிர்க்கடையின் கமராப் பதிவைப் பின்னர் நான் பலமுறை பார்த்தேன். அதில் உதவியாளருக்கு விலகிக்கொள்ள நேரம் இருக்கிறது. ஆனால் அவர் விலகவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் லொறியின் பின்பலகையில் வைத்து, பிறகு தோளையும் கொடுத்து, அதைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறார். “அண்ணே, வண்டி! வண்டி!” என்று அவர் கத்தியதைக் கடைக்குள் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சாரதி ஓடிவந்து கெபினில் பாய்ந்து ஏறிக் கால் பிரேக்கை மிதிப்பதற்குள், உதவியாளரின் வலது கால் முழங்காலுக்குக் கீழே பம்பருக்கும் திண்ணைக்கும் இடையில் அகப்பட்டுவிட்டது.

கடைக்காரர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தார். காயமடைந்தவர் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. 1.30க்குப் பாடசாலைகள் விடும் நேரம் நெருங்கியதால், வான்களுக்கு வழிவிடுவதற்காக யாரோ லொறியை மேலே எடுத்துச் சமதரையில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒழுங்கை வழியாகத் தினமும் சிறு பிள்ளைகள் நடந்து போகிறார்கள். இருபது நிமிடம் தாமதமாக இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அந்த வாரம் முழுவதும் என்னை விடவில்லை.

பரிசோதனையில் தெரியவந்தவை

பொலிஸ் முறைப்பாட்டைத் தொடர்ந்து மோட்டார் வாகனப் பரிசோதகர் லொறியைப் பார்த்தார். பின்னர் எங்கள் கராஜ் பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், என் கண்முன்னாலேயே பிரேக்கைக் கழற்றினார். கால் பிரேக்கில் குறை இல்லை. லொறியின் புகைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் செல்லுபடியாகவே இருந்தன. குறை ஹேண்ட் பிரேக்கில் மட்டுமே இருந்தது.

இந்த வகை லொறிகளில் ஹேண்ட் பிரேக் பின்சில்லுகளை நேரடியாகப் பிடிப்பதில்லை என்பதை வாகனங்களுக்குப் பொறுப்பானவர்கள் அறிந்திருக்க வேண்டும். கியர் பொக்ஸின் பின்புறத்தில் ஒரு சிறிய ட்ரம் இருக்கும். லீவரை இழுத்தால் அந்த ட்ரம், கியர் பொக்ஸிலிருந்து பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டைப் பிடிக்கும். ஷாஃப்ட் வழியாகவே பின்சில்லுகள் நிற்கும். இதனால் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, ஒரு பின்சில்லு ஈரமான வடிகால் மூடி போன்ற வழுக்கும் இடத்தில் நின்று பிடிமானத்தை இழந்தால், இரண்டு பின்சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷலின் காரணமாக மற்றச் சில்லும் பிடியை இழந்துவிடும். மற்றது, கியர் பொக்ஸின் ஒயில் சீல் கசிந்தால் ஒயில் நேரே அந்த ட்ரம்முக்குள் இறங்கும். எங்கள் லொறியில் நடந்தது இரண்டாவது. ட்ரம்மைக் கழற்றியபோது லைனிங் கறுத்து, விரல் வைத்தால் வழுக்கும்படி ஒயிலில் ஊறிக் கிடந்தது. லீவரை இழுக்கும்போது ‘டிக் டிக்’ என்று ஏறும் பற்களில் பதினான்கு ஏறியும் அது இறுகவில்லை. அன்று நான்கு நிமிடம் அது எப்படி நின்றது என்று பாஸிடம் கேட்டேன். விளிம்பில் நின்ற பிடி அது என்றும், எஞ்சினின் அதிர்வும் ஆள் ஏறி இறங்கிய ஆட்டமும் அதை விடுவித்திருக்கும் என்றும் அவர் சொன்னார்.

ஒழுங்கையின் சரிவைக் கைத்தொலைபேசியால் அளந்தோம், ஐந்து பாகை. கண்ணுக்குப் பெரிய மேடாகத் தெரியாத சரிவு அது. ஆனால் பொருட்களோடு ஐந்து தொன் வரும் லொறியை அந்தச் சரிவு கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 435 கிலோ எடைக்குச் சமன். உதவியாளர் தோள் கொடுத்தது அவ்வளவு பாரத்துக்கு.

அடுத்து ரன்னிங் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். முந்திய மாதத்தின் 26 வேலை நாட்களுக்கும் குறைபாடுகள் என்ற நிரலில் ‘ஓகே’ என்று எழுதப்பட்டிருந்தது. அந்த 26 ‘ஓகே’களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் எழுதப்பட்டவை என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்தது. அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது. அதற்கு முந்திய மாதங்களின் சார்ட்டுகளும் அப்படியே.

சாரதியின் வாக்குமூலத்தைக் களஞ்சியத்தின் பின்னறையில் வைத்து எடுத்தேன். “சேர், ஹேண்ட் பிரேக் பிடிப்பது குறைவு என்று பெப்ரவரியிலேயே கராஜில் சொன்னேன். சித்திரை வருஷம் முடியட்டும் என்றார்கள். பிறகு இன்னொரு தரமும் சொன்னேன். அதற்குப் பிறகு கல் வைக்கத் தொடங்கினோம்” என்றார். என்ன கல் என்று கேட்டேன். அரைத் தேங்காய் அளவுள்ள ஒரு கருங்கல். கெபினில் உதவியாளரின் காலடியில், உருண்டு சத்தம் போடாமல் இருப்பதற்காகப் பழைய சாரம் ஒன்றில் சுற்றி வைத்திருந்தார்களாம். ஏற்றத்தில் நிறுத்தும் இடங்களில் எல்லாம் உதவியாளர் முதலில் இறங்கி அதைப் பின்சில்லுக்கு அடியில் வைப்பார். அன்று ஆறாவது கடை புளூமெண்டல் வீதியில். பின்னால் வந்த கொள்கலன் வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்ததால், அவசரமாக எடுத்துப் புறப்பட்டதில் கல் வீதியோரத்தில் தங்கிவிட்டது. மறுநாள் சாரதி என்னை அங்கே கூட்டிச் சென்றார். கல் நடைபாதையின் விளிம்பிலேயே கிடந்தது. ஒரு பக்கம் டயர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்தது.

அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தபோதே இந்த நிகழ்வின் பொருள் எனக்கு விளங்கியது. பல மாதங்களாக அந்த லொறியின் குறைபாடு கெபினுக்குள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடந்திருக்கிறது. நான் வாசித்துக் கையெழுத்திட்ட தாளில் மட்டும் அது இல்லை. தாளில் எழுதினால் லொறி கராஜுக்குப் போகும், இருவரின் படியும் போகும், அந்த மாதத்துக்கான கொடுப்பனவும் போகும். கல்லுக்கு எந்தச் செலவும் இல்லை.

தீர்மானங்களும் அவற்றுக்கான காரணங்களும்

விபத்து நடந்த மாலையே, சாரதியைச் சம்பளமின்றி இடைநிறுத்தும் கடிதத்தை நான் தயாரித்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கெபினை விட்டு இறங்கியது விதிமீறல். அவர் கையொப்பமிட்ட விதி. முகாமைத்துவமும் அதையே எதிர்பார்த்தது. ஆனால் மறுநாள் கல்லைப் பார்த்த பின்னர் அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுத்தேன். சாரதியைத் தண்டித்தால் மற்ற இருபது லொறிகளிலும் இருக்கும் கற்கள் இன்னும் ஆழமாக ஒளிக்கப்படும் என்பதே நான் பணிப்பாளர்களிடம் சொன்ன காரணம். அவருடைய தவறு விபத்து பற்றிய கோவையில் பதியப்பட்டது. இரண்டு வாரம் வாகனம் ஓட்டாமல், சம்பளத்தோடு, கராஜில் பரிசோதனை வேலையில் இருந்துவிட்டு அவர் திரும்பினார். அதே கோவையில் கராஜின் தவறும் என்னுடைய தவறும் பதியப்பட்டன.

இரண்டாவது தீர்மானம் கடினமானது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் எல்லா லொறிகளையும் ஒன்றரை நாள் நிறுத்திப் பரிசோதிப்பது. விற்பனைப் பிரிவு கடுமையாக எதிர்த்தது. புறக்கோட்டை மொத்தக் கடைகளின் கட்டளைகள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது, சில கட்டளைகள் போயும் விட்டன. ஆனால் எத்தனை லொறிகள் இந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் மறுநாள் காலை அவற்றை வெளியே அனுப்பும் அதிகாரம் எனக்கு இல்லை என்று நான் கருதினேன். முற்றத்தில் ஒவ்வொரு கெபினாகத் திறந்து பார்த்தோம். இன்னும் ஐந்து லொறிகளில் கற்கள் இருந்தன; ஒன்றில் மரக்கட்டை. அவற்றில் நான்கின் ஹேண்ட் பிரேக் உண்மையிலேயே பிடிக்கவில்லை. மற்ற இரண்டில் பிரேக் நன்றாக இருந்தும் பழக்கத்தால் கல் வைத்திருந்தார்கள். அது நல்ல பழக்கம் என்றே அவர்களிடம் சொன்னேன். ஒன்பது லொறிகளின் பற்றரிகள் எஞ்சினை நிறுத்த முடியாத நிலையில் இருந்தன.

மூன்றாவது தீர்மானத்தையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பழுதில்லா மாதக் கொடுப்பனவு உடனடியாக நிறுத்தப்பட்டு, அந்தத் தொகை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டது. சாரதியோ உதவியாளரோ குறைபாட்டை எழுதியதன் காரணமாக லொறி நிறுத்தப்பட்டால், நிற்கும் நாட்களுக்கு முந்திய மூன்று மாதச் சராசரிப் பயணப்படி இருவருக்கும் வழங்கப்படும் என்று எழுத்தில் கொடுத்தோம். அப்படியென்றால் வேலைக்கு வராமலிருக்க எல்லோரும் பழுது எழுதுவார்கள் என்று ஒரு பணிப்பாளர் சொன்னார். எழுதப்படும் பழுதைக் கராஜ் பாஸ் பார்க்கத்தானே போகிறார், எழுதப்படாத பழுதை யார் பார்ப்பது என்று கேட்டேன். ஆறு மாதம் சோதனையாக நடத்த ஒப்புக்கொண்டார்கள்.

விதிக்கோவையை மாற்றுவது கடைசியாகவே வந்தது, அதை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். எஞ்சினை நிறுத்து என்ற விதி, பற்றரி இல்லாத லொறியின் சாரதிக்கு நிறைவேற்ற முடியாத விதி. நிறைவேற்ற முடியாத ஒன்றில் ஒருவரிடம் கையொப்பம் வாங்குவது அவரைப் பொய் சொல்லச் சொல்வதற்குச் சமம். ஆகவே முதலில் ஒன்பது பற்றரிகளும், லொறிக்கு இரண்டு வீதம் இறப்பர்க் கட்டைகளும் வாங்கப்பட்டன. கட்டைகள் கயிற்றால் லொறியின் சட்டத்தில் கட்டப்பட்டன, வீதியில் தங்கிவிடாதபடி. அதன் பின்னரே, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் புதிய விதிகள் எழுதப்பட்டன. இறங்கும் சாரதி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, மேட்டை நோக்கி நின்றால் முதலாம் கியரிலும் பள்ளத்தை நோக்கி நின்றால் ரிவர்ஸிலும் விட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட வேண்டும். உதவியாளர் பக்கவாட்டில் நின்றபடி கட்டையை வைத்துவிட்டு, “கட்டை போட்டாச்சு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை பின்கதவு திறக்கப்படக் கூடாது. உருளத் தொடங்கிய லொறியைக் கையால் தடுக்கக் கூடாது, விலகி ஓட வேண்டும் என்பதும் அந்தப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. தடுக்க முயல்வது மனித இயல்பு. ஆகவே அதைச் சொன்னால் மட்டும் போதாது என்று எண்ணி, கமராப் பதிவை உதவியாளரின் அனுமதியோடு எல்லோருக்கும் காட்டினோம். காட்டி முடிந்ததும் அறையில் யாரும் பேசவில்லை.

காலைப் பரிசோதனையும் தாளிலிருந்து தரைக்கு வந்தது. களஞ்சியத்தின் வாயிலில் ஒரு சரிவு உண்டு. பொருள் ஏற்றிய ஒவ்வொரு லொறியும் வெளியே போகும்போது அந்தச் சரிவில் நின்று, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்து, இருபது எண்ணும்வரை நிற்க வேண்டும். பின்னால் எவரும் நிற்கக் கூடாது. வாயிற்காவலர் பக்கத்தில் நின்று எத்தனை பல் ஏறியது என்று கேட்டு எழுதிக்கொள்வார். பல் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் கூடினால், பிரேக் விட்டுப்போகும் முன்பே கராஜுக்குத் தெரிந்துவிடும். ‘ஓகே’ என்று மாதக் கடைசியில் எழுதிவிடலாம். ஏழு, ஏழு, எட்டு, ஒன்பது என்று எழுதுவதற்கு ஒவ்வொரு நாளும் லீவரை இழுத்தாக வேண்டும்.

நேர அட்டவணையிலும் கை வைத்தோம். அன்று சாரதி எட்டரை மணித்தியாலத்துக்கு மேல் வேலையில் இருந்தார். இடையில் ஒரு தேநீர் மட்டுமே குடித்திருந்தார். சர்வதேச தொழில் அமைப்பின் 1979ஆம் ஆண்டு 153ஆம் இலக்கச் சமவாயம், வீதிப் போக்குவரத்துச் சாரதிகள் தொடர்ச்சியாக ஐந்து மணித்தியாலம் வேலை செய்தால் இடைவேளை கொடுக்க வேண்டும் என்றும், நாளொன்றுக்கு வாகனம் ஓட்டும் நேரம் ஒன்பது மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. அதை அளவுகோலாக வைத்து, ஒன்பது கடைப் பட்டியலை ஏழாகக் குறைத்தோம். கொட்டாஞ்சேனை ஒழுங்கைக் கடைகள் காலை 11 மணிக்கு முன் முடிக்கப்பட வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது, பாடசாலை நேரத்தைத் தவிர்ப்பதற்காக.

பின்னர் நிகழ்ந்தவை

உதவியாளருக்குச் சத்திரசிகிச்சை செய்து காலில் கம்பி வைத்தார்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தொழில் செய்யும் வேளையில் தொழிலின் நிமித்தம் ஏற்பட்ட காயத்துக்கு நட்டஈடு வழங்கும் பொறுப்பு தொழில்தருநரைச் சாரும். தொழிலாளி கவனயீனமாக இருந்தார் என்று எழுதி அதைக் குறைக்க முயல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், அப்படி எழுதப்படவில்லை. ஐந்து மாதத்தின் பின்னர் அவர் வேலைக்குத் திரும்பினார். வாயிலில் ஹேண்ட் பிரேக் பரிசோதிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். “வேண்டாம் சேர், லொறிக்குப் பக்கத்தில் நிற்க இன்னும் மனம் வரவில்லை” என்றார். இப்போது களஞ்சியத்தில் பில் சரிபார்க்கிறார். மழை நாட்களில் கால் நோகும் என்கிறார்.

குறைபாட்டுப் பதிவுகள் முதல் மாதத்தில் 14 வந்தன. இரண்டாம் மாதத்தில் 31. பணிப்பாளர் சொன்னது நடந்துவிட்டதோ என்று ஒரு கணம் கலங்கினேன். ஒவ்வொன்றாகக் கராஜில் பார்த்தபோது, 45இல் இரண்டு மட்டுமே பொருளற்றவை. மற்றவை எல்லாம் நெடுங்காலமாகச் சுமந்து திரிந்த குறைகள். விரிசல் விட்ட டயர்கள், எரியாத ரிவர்ஸ் விளக்கு, சாரதி பக்கம் பூட்டாத கதவு. ஒரு டயரின் ஓரத்தில் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்தபோது அது 2014ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. நான்காம் மாதத்துக்குப் பின் பதிவுகள் தாமாகவே குறைந்தன. கராஜ் செலவு அந்த ஆறு மாதங்களில் கூடியது. அதை மறைக்காமல் பணிப்பாளர் சபைக்குக் காட்டினேன். நின்ற நாட்களுக்குப் படி வழங்கும் முறை அதன் பின் நிரந்தரமாக்கப்பட்டது.

2024 மார்ச்சில் மட்டக்குளியில் ஒரு லொறி பொருள் இறக்கும்போது அசைந்தது. ஒரு சில்லு வடிகால் மூடியில் நின்றிருந்தது; அன்று காலைப் பரிசோதனையில் பிரேக் நன்றாகவே இருந்தது. கட்டை தடுத்தது, எவருக்கும் காயம் இல்லை. சாரதி அன்று மாலையே வந்து தானாகவே அதை எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்திய வருடங்களில் இப்படி எத்தனை அசைவுகள் நடந்திருக்கும், எத்தனை கல்லால் தடுக்கப்பட்டிருக்கும் என்பதற்கு எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை.

தீராத விடயம் வாடகை லொறிகள். பண்டிகைக் காலத்தில் எங்கள் பொருட்களில் கணிசமான பகுதி வெளியாருடைய லொறிகளில் போகிறது. அவற்றின் சாரதிகளுக்கு எங்கள் படியோ எங்கள் கராஜோ இல்லை. 2024இல் தீபாவளி ஒக்டோபர் 31இல் வந்தது. அதற்கு முந்திய வாரம் வாடகை லொறிகளையும் வாயில் சரிவில் நிறுத்திப் பார்த்ததில் மூன்று திருப்பி அனுப்பப்பட்டன. திருப்பி அனுப்பப்பட்ட சாரதிக்கு அன்றைய கூலி இல்லை. அதாவது, நாங்கள் எங்கள் ஆட்களிடமிருந்து நீக்கிய அதே பாரத்தை அவர்கள் தலையில் வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் மறுநாள் வந்தபோது கெபினில் ஒரு செங்கல் இருந்தது.

மீண்டும் செய்வதானால்

லொறியை நகர்த்த விட்டது பெரிய இழப்பு. லீவர் எந்தப் பல்லில் இருந்தது என்பதை அதன் பிறகு அறிய முடியவில்லை. எதிர்க்கடையில் கமரா இருந்திராவிட்டால், சில்லு எங்கே நின்றது என்பதும் உறுதியாகியிருக்காது. காயமடைந்தவரை அனுப்பியதும், வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் கெபினுக்குள்ளும் படம் எடுக்க வேண்டும் என்பது இப்போது சாரதிகளின் ஒரு பக்கத் தாளின் பின்புறத்தில் இருக்கிறது. அன்று இடைநிறுத்தக் கடிதத்தை எழுதிய அதே மாலையில் நான் கெபினைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். சார்ட்டில் கையெழுத்திடும் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது லொறியில் ஏறிப் பட்டியலின் கடைசிக் கடைவரை போக வேண்டும் என்பதை இப்போது என் வேலைத் திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் அப்படிப் போயிருந்தாலும் காலில் அந்தக் கல் தட்டியிருக்கும்.

வாடகை லொறிகளுக்கு, திருப்பி அனுப்பப்படும் நாளுக்கு அரைக்கூலியும் எங்கள் கராஜில் அன்றே ஹேண்ட் பிரேக் சரிசெய்து கொடுக்கும் வசதியும் வழங்கலாம் என்ற யோசனையை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பணிப்பாளர் சபை அதை இன்னும் எடுத்துப் பேசவில்லை. அடுத்த பண்டிகைக் காலத்துக்கான வாடகை ஒப்பந்தங்கள் கையொப்பமாகும் முன் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.